வாடலும் தளிர்த்தலும்: சங்கப் பாட்டில் இருவகைக் காலம்

சங்கச் சான்றோர் செய்யுட்களில் இயற்கை பெறும் இடம் பற்றி அறிஞர் பலர் விரிவாக ஆராய்ந்துள்ளனர். தனிநாயக அடிகள் 1952ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் இயற்றி வெளியிட்டு, 1966இல் வேறு பெயருடன் மீண்டும் வெளிவந்த நூலும், மு. வரதராசனார் 1957இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ஆராய்ச்சி நூலும் இத்துறையில் முன்னோடிகளாக நிற்பன. இவ்விருவர் உழைப்பின் பயனாக, சங்கப் பாட்டில் இயற்கை தனக்கெனப் பாடப்படுவதன்று. மாந்தர் உணர்வுக்குப் பின்னணியாகவே பாடப்படுவது என்னும் கருத்து தமிழ் பயில்வார் உள்ளத்தில் நன்கு வேரூன்றிற்று. பெரும்பான்மை நோக்க இக்கருத்து ஏற்கத்தக்கதே.

ஆயினும் பின்னணி என்னும் சொல்லை நாம் ஆளும் முறையில் ஓர் இடர்ப்பாடு உண்டு. முன்னிற்கும் செயலுக்கு இசைந்து நிற்பதையே பின்னணி என வழங்குகின்றோம். துயரக் காட்சிக்கு இருளும், மகிழ்ச்சிக் காட்சிக்கு ஒளியும் அமைதல் நாடக மேடையின் இயல்பு. சங்கப் பாட்டிலும் அவ்வாறே உள்ளம் வாடும்போது நிலம் வாடும், உள்ளம் தளிர்க்கும்போது நிலம் தளிர்க்கும் எனக் கருதி, மாணவர் பலர் திணைப் பொருத்தம் காட்டுவதோடு ஆராய்ச்சியை முடித்துவிடுகின்றனர். ஆனால் பாடல்களை ஒவ்வொன்றாக எடுத்து நோக்குங்கால், நெஞ்சை உருக்கும் செய்யுட்கள் பலவற்றில் இவ்விசைவு இல்லாமை புலனாகும். ஆண்டுக் காடு பூக்கின்றது, காத்திருப்பவள் வாடுகின்றாள். திங்கள் நிறைகின்றது, அதனைக் காண்போர் யாவற்றையும் இழந்து நிற்கின்றனர். இம்முரண் எதனால் எழுந்தது, அது பாட்டில் ஆற்றும் பணி யாது என்பவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாலை என்னும் படிவம்

இயற்கையின் வாடலைப் பற்றிப் பேசப் புகுவார் பாலையிலிருந்தே தொடங்குதல் முறை. தொல்காப்பியர் அகத்திணைகளுள் நடுவணதாகிய பாலைக்கு நிலம் வகுத்திலர். முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் என்னும் நான்கற்கே நிலம் பகுத்து, பாலைக்குப் பொழுதினை மட்டும் கூறினர். வேனிற் காலமும் நண்பகலும் அதற்கு உரியன, பின்பனியும் உரித்தென்பர். நிலமின்றிப் பொழுது மட்டும் உடைய ஒரு திணை எவ்வாறு அமையும் என்னும் வினா இயல்பாகவே எழும்.

இதற்கு விடை போல அமைவது சிலப்பதிகாரக் காடுகாண் காதையில் வரும் பகுதி. மதுரைக்கு வழி கூறும் மாங்காட்டு மறையவன், கோடை வெம்மையால் முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையின் வடிவை மேற்கொள்ளும் எனக் கூறுகின்றான். இளங்கோவடிகள் ஈண்டு ஆளும் சொல் 'படிவம்' என்பது. மேற்கொண்ட படிவம் பின்னர்க் களையப்படுதலும் கூடும். எனவே பாலை என்பது ஓரிடத்தில் நிலைத்துக் கிடக்கும் பாழ்நிலம் அன்று. காடும் மலையும் உற்ற ஒரு நிலை. மழை பெய்யின் அந்நிலை நீங்கும். நேற்றுப் பாலையாய்க் கிடந்த வழியே நாளை முல்லையாகும்.

இக்கொள்கை தமிழ்நாட்டின் இயற்கையோடு ஒட்டியது. நம் நாட்டில் பெரும்பரப்பு மழையை நோக்கிக் கிடப்பது. கரிசற் புலமும் செம்மண் காடும் கோடையில் வெடித்தும் வறண்டும் கிடந்து, முதல் மழைக்குப்பின் சில நாட்களிலேயே பசுமை போர்த்தலை நாட்டுப்புறத்தார் யாவரும் கண்டிருப்பர். இறந்தது எனக் கருதிய புல் இறந்திலது, வேர் உயிரோடிருந்தது. ஆதலின் திணைக் கொள்கையில் வாடல் என்பது முடிவன்று, இடைநிலையே. வாடலும் தளிர்த்தலும் ஒரே நிலத்தின் இரு முகங்கள். இவ்வாறு மீண்டும் மீண்டும் வரும் காலத்தை வட்டக் காலம் என ஈண்டுப் பெயரிட்டுக் கொள்வோம்.

மாந்தர் காலமோ வட்டமாக அமைந்ததன்று. அது நேர்க் காலம், சென்றது மீளாது. பாலையின் உரிப்பொருள் பிரிதல். முல்லையின் உரிப்பொருள் இருத்தல். பிரிந்து சென்றவன் மீள்வான் என்னும் உறுதியின் மேலேயே இருத்தல் நிற்கின்றது. நிலம் பாலையினின்று முல்லைக்கு மீள்வது போலத் தலைவனும் மீள்வான் என எதிர்பார்த்தல் இயல்பே. ஆனால் நிலத்திற்கு மழை போதும்; தலைவிக்கு மழை போதாது. அவன் மீண்டாலும், காத்திருந்த நாட்களில் கழிந்த இளமை மீளுமோ? வட்டக் காலமும் நேர்க் காலமும் ஒன்றை ஒன்று சந்திக்கும் இடத்திலேயே சங்கப் புலவர் தம் பாட்டினை நிறுத்துகின்றனர் என்பது எம் துணிபு.

கார்ப் பருவமும் சொல்லிய சொல்லும்

முல்லைப் பாடல்களில் கார் வெறும் பருவமாக நிற்பதில்லை. அது தலைவன் குறித்துச் சென்ற தவணை. 'கார் வரும்போது வருவேன்' என அவன் கூறினான். நாட்காட்டி இல்லாத வாழ்வில் கொன்றையும் முல்லையுமே நாள் காட்டுவன. ஆகவே பூ மலர்தல் என்பது அழகிய காட்சியாக மட்டும் அன்றி, ஒருவர் தந்த சொல்லைக் கேட்கும் சான்றாகவும் வந்து நிற்கின்றது.

குறுந்தொகை 21ஆம் பாட்டு ஓதலாந்தையார் இயற்றியது. கொன்றை பூத்த காடு இது கார்காலம் எனக் கூறினும் யான் நம்பேன். அவர் பொய் கூறார் என்கிறாள் தலைவி. இவள் கூற்றை மேலோட்டமாக நோக்குவார் இதனைப் பேதைமை என்பர். கூர்ந்து நோக்கின் வேறொன்று புலப்படும். இரண்டு சான்றுகள் அவள்முன் நிற்கின்றன. ஒன்று காட்டின் சான்று. மற்றொன்று காதலன் சொல். இரண்டும் உண்மையாதல் இயலாது. காட்டின் சான்றைத் தள்ளிக் காதலன் சொல்லைக் கொள்கின்றாள். கண்ணாற் காண்பதை மறுக்கும் அளவிற்கு ஒரு சொல்லைக் காக்க வேண்டியிருத்தலே அவள் துயரின் அளவு. துறைக் குறிப்போ இன்னும் ஒரு நுட்பத்தைத் தருகின்றது. இவளை எவ்வாறு ஆற்றுவிப்பேன் எனக் கவலும் தோழியின் குறிப்பறிந்து, தலைவியே அவளை ஆற்றுவிக்கக் கூறியதாக அது அமைகின்றது. ஆறுதல் பெற வேண்டியவளே ஆறுதல் கூறுகின்றாள். பூத்த காடு அவளுக்கு ஆறுதல் தந்திலது. அவள்தான் அதனை மறுத்து ஆறுதலை ஆக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஒக்கூர் மாசாத்தியார் பாடிய குறுந்தொகை 126ஆம் பாட்டில் கார் நேரே எள்ளி நகுகின்றது. இளமையின் அருமையை நோக்காது பொருள் விரும்பிச் சென்றவர் இங்கும் வந்திலர், எங்குள்ளாரோ என்று முல்லை அரும்புகளைப் பற்களாகக் காட்டி அது சிரிப்பதாகத் தலைவி கூறுகின்றாள். இப்பாட்டின் உயிர் இளமை என்னும் சொல்லில் உள்ளது. கார் ஆண்டுதோறும் இளமை பெறும். முல்லைக் கொடியும் அவ்வாறே. அவ்வாறு மீண்டும் இளமை பெறும் ஒன்று, ஒருமுறையே இளமை பெறும் உயிரைப் பார்த்துச் சிரிக்கின்றது. பின்னணி முன்னிற்பவளைப் பார்த்து நகுமோ? ஈண்டு இயற்கை பின்னணி என்னும் எல்லையைக் கடந்து எதிர்நின்று பேசுகின்றது.

இப்புலவரே பாடிய 220ஆம் பாட்டில் வாடலும் தளிர்த்தலும் ஒரே புனத்தில் அருகருகே நிற்கின்றன. முன்னர்ப் பெய்த மழையால் தழைத்த வரகின் கதிரை இரலை மேய்ந்துவிட, தலை குறைந்த தாள்கள் நிற்கின்றன. அத்தாள்களின் பக்கத்தே முல்லை புதிதாகப் பூத்துள்ளது. ஒருபால் கொய்தும் மேய்ந்தும் முடிந்த விளைவு. ஒருபால் இப்போதே அவிழும் அரும்பு. வண்டு சூழும் இம்மாலைப் பொழுதிலும் பொருட்குப் பிரிந்தார் வந்திலர் என்கிறாள் தலைவி. அவள் நிலை எதனோடு ஒக்கும்? பூத்த முல்லையோடா, தலை இழந்த தாளோடா? புலவர் விடை கூறிற்றிலர். இரண்டையும் ஒரே காட்சியில் வைத்ததோடு நின்றார். வரகு கார் தொடங்கிய அளவிலேயே தலை குறையும் அளவிற்கு விளைந்து விடுவதன்று. ஆதலின் தவணை வந்ததோடு நில்லாது கடந்தும் சென்றது என்பது அத்தாள்களால் குறிப்பாகப் பெறப்படும். இத்தகைய குறிப்பினை 'வருணனை' எனக் கூறி ஒதுக்குதல் பொருந்தாது.

தோழி கூறிய பொய்

கோவர்த்தனார் பாடிய குறுந்தொகை 66ஆம் பாட்டு இவ்வாராய்ச்சிக்கு இன்றியமையாதது. பருவம் கண்டு வருந்திய தலைவியைத் தோழி, 'இது பருவம் அன்று' என வற்புறுத்துகின்றாள். கொன்றை மரங்கள் அறிவில்லாதன. காலமல்லாக் காலத்துப் பெய்த புது மழையைக் கார் என மயங்கிப் பூத்துவிட்டன என்பது அவள் கூற்று.

தோழி கூறுவது பொய் என்பதே பொதுவான கருத்து. தலைவியைக் காக்கும் பொருட்டுக் கூறிய பொய்யாதலின் அது குற்றமன்று என அமைதியும் கூறுவர். இக்கருத்தை முற்றும் மறுத்தற்கில்லை. எனினும் ஒன்று ஓர்தற்குரியது. சரக்கொன்றை என இன்று நாம் வழங்கும் மரம் கோடையிலேயே பொற்சரம் தொங்கவிட்டாற் போலப் பூத்து நிற்றலைச் சாலையோரங்களிற் காண்கின்றோம். செய்யுள் வழக்கு கொன்றையைக் காருக்கு உரியதாக்கினும், அம்மரம் காருக்கு முன்னரே பூக்கும் இயல்பும் உடையது. ஆதலின் தோழியின் கூற்று கேட்ட அளவில் நகைத்துத் தள்ளத்தக்கதன்று. நம்புதற்கு ஒரு சிறு இடம் உடையது. முற்றும் பொய்யாயின் அது தலைவியை ஆற்றுவிக்காது. முற்றும் மெய்யாயின் அவளுக்கு ஆற்றுவித்தலே வேண்டா. இரண்டிற்கும் இடைப்பட்டதோர் ஐயத்தில் தலைவியைச் சிலநாள் உயிர்வாழச் செய்கின்றாள் தோழி.

இன்னும் ஒன்று. ஈண்டுப் பிழை செய்ததாகக் கூறப்படுவது மரம். வாராத தலைவனை விடுத்து, வந்த பூவைப் பழிக்கின்றாள் தோழி. இயற்கை தன் கடமையைச் செய்தது. மாந்தனே சொல் தவறினான். ஆனால் மாந்தனைக் குற்றம் கூறின் தலைவி உள்ளம் உடையும். அதனால் குற்றமற்றதன்மேல் குற்றம் ஏற்றப்படுகின்றது. மீண்டும் தளிர்த்தல் நற்செய்தியாக வேண்டியிருக்க, அதனையே பிழை என மறுக்க வேண்டிய நிலை உண்டாகின்றது. இயற்கையின் புதுப்பிறப்பை மகிழ்ச்சியின் அடையாளமாக மட்டும் காண்பார்க்கு இப்பாட்டின் கூர்மை தோன்றாது.

வேம்பின் பூவும் அத்தியின் கனியும்

தளிர்த்தல் காருக்கே உரியதன்று. பாலைக்குக் கூறிய வேனில் என்னும் சொல்லுள் இளவேனில், முதுவேனில் என்னும் இரண்டும் அடங்கும். சித்திரை, வைகாசித் திங்களாகிய இளவேனில் நம் நாட்டு மரங்கள் பல தளிரும் பூவும் ஈனும் காலம். மாசி, பங்குனியில் இலையுதிர்த்த வேம்பு, மழையை எதிர்பாராமலேயே வேரின் வலியாலே தளிர்த்துப் பூக்கும். சித்திரை முதல் நாளில் வேப்பம்பூவை உணவிற் சேர்க்கும் வழக்கம் இன்றளவும் இல்லங்களில் உள்ளது. ஆகவே நீர் வற்றி நிலம் வெடிக்கும் அதே திங்களிலேயே மரம் புதுமை பெறுகின்றது. பாலைத் திணையின் பொழுதுக்குள்ளேயே வாடலும் தளிர்த்தலும் ஒருங்கு நிற்கின்றன. பாலைக்கலிப் பாடல்களுள் பலவற்றில் இளவேனில் வரவு விரித்துப் பாடப்பட்டு, அதன்முன் பிரிவுத் துயர் வைக்கப்பட்டிருத்தல் இதனாலேயே பொருந்துகின்றது.

பரணர் பாடிய குறுந்தொகை 24ஆம் பாட்டில் இவ்விளவேனிலைக் காண்கின்றோம். கரிய அடியினையுடைய வேம்பின் புதுப்பூ என் தலைவன் இன்றியே கழிந்துவிடுமோ என ஏங்குகின்றாள் தலைவி. பூவின் வரவைக் காட்டிலும் அதன் கழிவே அவளை வருத்துகின்றது. வேப்பம்பூ சின்னாளில் உதிர்வது. அடுத்த ஆண்டும் பூக்கும், ஐயமில்லை. ஆயினும் இவ்வாண்டின் பூ இவ்வாண்டிற்கே உரியது. இழந்த ஓர் இளவேனிலை அடுத்த இளவேனில் ஈடுசெய்யாது. வட்டக் காலத்துள் வாழும் நேர்க் காலத்து உயிரின் துயர் இதைவிடச் சுருங்கிய சொல்லில் அமைதல் அரிது.

இப்பாட்டின் பிற்பகுதியில் மற்றொரு மரம் வருகின்றது. ஆற்றின் அயலே நின்ற அத்தியின் ஒரு கனியை ஏழு நண்டுகள் மிதித்துக் குழைத்தாற் போல ஊரார் நாவினால் தான் குழைவதைத் தலைவி கூறுகின்றாள். முன்னர்ப் பூ, பின்னர்க் குழைந்த கனி. வேம்பின் பூ கண்முன் நிற்கும் பொருள். அத்தியின் கனி உவமையாக வந்த பொருள். இயற்கையில் பூவுக்கும் கனிக்கும் இடையே முதிர்ச்சி உண்டு. இவள் வாழ்விலோ பூ நுகரப்படாமலே கனி குழைகின்றது. புலவர் இதனை விளக்கிக் கூறிற்றிலர். இரு மரங்களை அடுத்தடுத்து நிறுத்தி, இடையில் நிற்க வேண்டிய முதிர்ச்சியை வெற்றிடமாக விட்டனர்.

இரு பாட்டில் ஒரு திங்கள்

அகப்பாட்டில் பிரிவு மீளக்கூடியது. புறப்பாட்டில் வரும் இறப்போ மீளாதது. ஆதலின் இரு காலங்களின் முரண் புறத்தில் இன்னும் கூர்மை பெறுகின்றது. இதனைத் திங்களைக் கொண்டே காட்டலாம். தேய்தலும் வளர்தலும் கண்கூடாக உடைய பொருள் வானில் திங்களே.

உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியை நோக்கிப் பாடிய புறநானூற்று 27ஆம் பாட்டு, தேய்வும் வளர்வும் இறப்பும் பிறப்பும் உண்டென்பதை அறியாதாரும் அறியும்படி திங்கள் காட்டிச் செல்லும் உலகம் இது என்கின்றது. அப்பாட்டின் தொடக்கத்தில் சேற்றில் வளர்ந்த தாமரையின் இதழ் நிரை உயர்குடிப் பிறந்தோர்க்கு உவமையாகின்றது. அடுத்து, அத்தாமரையின் இலை, புகழின்றி மாய்ந்தோர்க்கு உவமையாகின்றது. ஒரே குளத்துத் தாமரையில் மலரும் உண்டு, மாயும் இலையும் உண்டு. இவற்றைக் கூறிப் புலவர் அடையும் முடிபு யாது? வருந்தி வந்தோரை, அவர் வல்லாராயினும் அல்லாராயினும், நோக்கி அருள் செய்க என்பதே. நிலவு மீண்டும் வளரும், ஆதலின் கவலற்க எனப் புலவர் கூறவில்லை. நிலவு தேயும், வளரும். நீயோ ஒருமுறை வாழ்கின்றாய். ஆதலின் கொடு என்கின்றார். இயற்கையின் வட்டம் ஈண்டு ஆறுதலாகாமல் அறமாகின்றது.

இத்திங்களே பாரி மகளிர் பாடிய 112ஆம் பாட்டில் வேறு முகம் காட்டுகின்றது. சென்ற முழுநிலவில் தந்தை இருந்தான். பறம்பு மலையும் தம்மிடம் இருந்தது. இம்முழுநிலவில் வேந்தர் மலையைக் கொண்டனர், தந்தையும் இல்லை. செய்யுள் ஐந்தே அடியினது. இரண்டு நிலவுகளுக்கும் தம்முள் வேற்றுமை இல்லை. அவ்வேற்றுமையின்மையே மகளிர் துயரத்தின் முழுப்பொருள். நிலவு தேய்ந்து மறைந்து பின் வளர்ந்து அதே வடிவில் வந்துவிட்டது, தந்தை வந்திலன். இருள்நிலவில் இப்பாட்டு எழுந்திருப்பின் அதற்கு இவ்வாற்றல் இராது. இயற்கை முழுமையாக மீண்டதனாலேயே இழப்பு முழுமையாகத் தெரிகின்றது.

சாத்தனார் கூறிய பொதுவுண்மையும் பாரி மகளிர் உற்ற தனித்துயரும் ஒன்றை ஒன்று மறுப்பன அல்ல. இரண்டும் ஒரே அடிப்படையின் மேல் நிற்பன. மாந்தர் வாழ்வு திங்களைப் போன்றதன்று என்னும் அறிவே இரண்டிற்கும் அடிப்படை.

பூத்த முல்லையும் ஆழ்ந்த மடுவும்

ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் இறந்தபோது குடவாயிற் கீரத்தனார் பாடிய 242ஆம் பாட்டு முல்லையை நோக்கி வினவுகின்றது. இளைஞர் சூடார், வளையணிந்த மகளிர் கொய்யார், பாணன் கொய்து சூடான், பாடினியும் அணியாள், சாத்தன் மாய்ந்தபின் இந்நாட்டில் நீயும் பூத்தாயோ என்பது அவ்வினா. அகத்தில் முல்லை, வாராதவனைக் கேட்டு நின்றது. புறத்தில் முல்லையையே புலவர் கேட்கின்றார். வினா திசை மாறியுள்ளது. வினவப்படும் பொருள் ஒன்றே.

இப்பாட்டில் புலவர் முல்லையின் மீது சினம் கொள்ளவில்லை என்பது கருதத்தக்கது. அது பூத்தல் அதன் இயல்பு. ஆனால் பூ என்பது கொடியில் மலர்தலோடு முடிவதன்று. கொய்வாரும் சூடுவாரும் இருக்குமிடத்தே அதன் மலர்ச்சி நிறைவெய்தும். ஏற்பார் இல்லாத மலர்ச்சி பாதி மலர்ச்சியே. இயற்கையின் புதுமைக்குப் பொருள் தருவோர் மாந்தரே என்னும் கருத்து இதனுள் அடங்கியுள்ளது. பின்னணியாக இயற்கை நிற்கின்றது என்பதற்கு மறுதலையாக, மாந்தர் வாழ்வை எதிர்நோக்கி இயற்கை நிற்கின்றது எனல் பொருந்தும்.

தொடித்தலை விழுத்தண்டினார் பாட்டாகிய 243இல் இறந்தது வேறொருவர் உயிரன்று, பாடுவோரின் இளமை. மருத மரம் தாழ்ந்த துறையில் ஏறி, நீர்த்திவலை தெறிக்க ஆழ்ந்த மடுவிற் குதித்து, அடியிலிருந்து மணல் கொண்டு வந்து காட்டிய இளமை எங்குச் சென்றதோ என, தண்டூன்றி இருமலுக்கிடையே சில சொற் பேசும் முதியோர் இரங்குகின்றார். பாட்டில் அமைந்த தொடரே புலவர்க்குப் பெயராயிற்று. ஊன்றுகோலே அவர்க்கு அடையாளமாயிற்று. துறையும் மருதும் மடுவும் மறைந்தனவாகப் பாட்டுக் கூறவில்லை. மறைந்தது, குதித்த சிறுவனே.

தடையும் விடையும்

தலைவன் மீண்டு வரும் முல்லைப் பாடல்களும் உளவே. ஆங்கு இயற்கையும் மாந்தரும் ஒருங்கே தளிர்த்தலைக் காண்கின்றோமே என ஒருவர் தடை எழுப்பலாம். இத்தடை வலியுடையது. நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டு இதற்குத் தலையாய சான்று. காயாவும் கொன்றையும் காந்தளும் தோன்றியும் பூத்த காட்டு வழியே வெற்றி பெற்ற வேந்தன் தேர் மீள்கின்றது.

ஆயினும் அப்பாட்டு எவ்விடத்தில் முடிகின்றது என்பதை நோக்குக. தேர்க் குதிரைகளின் ஆரவாரம் தலைவியின் செவியை நிறைத்தலோடு 103 அடிகளும் முடிவெய்துகின்றன. இருவரும் கண்டனர், கூடினர் என்பதை நப்பூதனார் பாடிற்றிலர். குறுங்குடி மருதனார் பாடிய அகநானூற்று 4ஆம் பாட்டிலும் தேர் வருவதாகவே தோழி கூறுகின்றாள். பூத்த சோலையில் துணையோடு தங்கிய வண்டுகள் அஞ்சுமெனக் கருதித் தேர்மணியின் நாவைக் கட்டி வருகின்றான் தலைவன். அவன் அருளுடைமைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா. ஆனால் ஆங்கும் அவன் இன்னும் வழியிலேயே இருக்கின்றான். மீட்சி முழுதும் நிகழ்ந்துவிட்ட நிலையைக் காட்டிலும், மீட்சி செவியளவில் எட்டும் நிலையையே புலவர் விரும்பினர். இரு காலங்களும் ஒன்றும் அக்கணம் எத்துணை அரிது என்பதை உணர்ந்தமையாலேயே அவ்வெல்லையில் நின்றனர் எனலாம்.

சங்கப் பாட்டினைப் பின்வந்த அறநூலோடு ஒப்பிடின் இவ்வுண்மை மேலும் தெளிவாகும். நாலடியாரின் முதல் மூன்று அதிகாரங்கள் செல்வம், இளமை, யாக்கை என்பவற்றின் நிலையாமையைக் கூறுவன. இளமை நிலையாமையில், சோலை மரங்களின் கனியெல்லாம் உதிர்ந்து வீழ்தல் இளமைக்கு உவமையாகின்றது. உவமை அழகியது, உண்மையும் உடையது. ஆனால் அச்சோலை அடுத்த பருவத்தில் மீண்டும் காய்க்கும் என்பதை நாலடியார் உவமையுள் ஏற்கவில்லை. வாடற் பாதியை எடுத்துத் தளிர்த்தற் பாதியை விடுத்தது. துறவு நோக்குக்கு அது தேவையாக இருந்தது. சங்கப் புலவரோ இரு பாதியையும் எடுத்தனர். சோலை மீண்டும் காய்க்கும் என்பதை மறைக்காமலேயே இளமை மீளாது என்றனர். உலகின் வளத்தைக் குறைத்துக் கூறாது மாந்தர் துயரைக் கூறியதே அவர் தம் பாட்டின் பெருமை. அதனாலேயே அப்பாடல்களைப் படித்து முடித்தபின் நாம் உலகை வெறுப்பதில்லை. அவற்றில் வரும் பூவை மீண்டும் ஒருமுறை நோக்க விழைகின்றோம்.

முடிபு

மேற்கூறியவற்றால் சில கருத்துக்கள் பெறப்படும். திணைக் கொள்கையில் வாடல் என்பது நிலைத்த அழிவன்று. நிலம் மேற்கொண்டு களையும் படிவம். மாந்தர் வாழ்வுக்கு அத்தகைய மீட்சி இல்லை. அகத்தில் பூவின் வரவு, தந்த சொல்லைக் கேட்கும் வினாவாகின்றது. புறத்தில் நிலவின் வளர்வு, இழந்ததை அளக்கும் அளவுகோலாகின்றது. கொடுத்தற்குத் தூண்டும் அறமும் ஆகின்றது. இவ்விடங்களில் இயற்கையைப் பின்னணி எனக் கூறி அமைதல் போதாது. அது எதிர்நிற்கும் மற்றொரு காலம்.

எட்டுத்தொகையுள் ஈண்டு எடுத்தாண்ட பாடல்கள் மிகச் சிலவே. நெய்தலில் ஓதமும் கழியும் மீள மீள வருதலும், மருதத்தில் அறுவடையும் நடவும் மாறி மாறி நிகழ்தலும் இந்நோக்கில் ஆராயத்தக்கன. திணைக்குரிய முதற்பொருளும் கருப்பொருளும் வரிசைப்படுத்திக் காட்டியபின்னும் ஒரு வினா எஞ்சி நிற்கும்: இப்பாட்டில் மீள்வது எது, மீளாதது எது? மாணவர் இவ்வினாவை ஒவ்வொரு செய்யுளின் முன்னும் வைத்துப் பார்ப்பாராயின், பழகிய பாடல்கள் பல புதியனவாகத் தோன்றும். பழைய பாட்டு பயில்வார் உள்ளத்தில் தளிர்க்கும் முறையும் அதுவே.